பிரஷ் துடைக்கும் துணி

குரும்பகரம்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை மதியழகனும் சுகமாக இருப்பதை நேற்றுச் சாயங்காலம்கூட போனில் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டோம், ஆனாலும் பேனாவைப் பிடித்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக எனக்கு வராது, அதனால் கேட்டுவிட்டேன், பதில் போட வேண்டாம். தினமும்தான் பேசுகிறோமே, நார்வே வரைக்கும் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போஸ்ட் மாஸ்டராக இருந்த மனுஷனுக்கு எச்சில் தொட்டு எதையாவது ஒட்டினால்தான் சோறு செரிக்கும் என்று அம்மா கேலி செய்கிறாள். அது மட்டும் காரணம் இல்லை. போனில் நாம் மழையைப் பற்றிப் பேசுகிறோம், உன் பெர்கன் மழை, எங்கள் கார்த்திகை மழை, அப்புறம் இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசுகிறோம், பேச வேண்டியதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அதனால் உட்கார்ந்தேன்.

பத்து நாளாக ஏன் படம் காட்டவில்லை என்று நீ கேட்டபோது கண் வலி என்று சொன்னேன் அல்லவா. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஆபரேஷன் ஆன கண் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. வரைவதை நிறுத்தி வைத்திருந்தேன், அதுதான் உண்மை. பயப்படாதே, கெட்ட சேதி எதுவும் இல்லை, வீட்டில் ஒரு கூத்து நடந்துவிட்டது, அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் உனக்குப் புரியாது, முன்கதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்.

போன வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது உன் வண்ணப் பெட்டியையும் பிரிக்காத அந்தப் பட நோட்டையும் அலமாரியில் வைத்துவிட்டு, அப்பா இனிமே நீங்க வரைங்க, எனக்கு வேணாம் என்று சொன்னாய். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் ஒரு பக்கமாவது வரையாமல் இருக்காத பெண், அந்த முதல் பிள்ளை வயிற்றில் ஐந்தாம் மாதத்திலேயே நம்மை விட்டுப் போனதிலிருந்து பிரஷைத் தொடவில்லை என்று மாப்பிள்ளை எங்களிடம் சொல்லியிருந்தார். சரி, நீ தொடாததை நானாவது தொடுகிறேன் என்றுதான் எடுத்தேன். ரிட்டயர் ஆன பிறகு காலையில் பத்து மணி அடித்தால் கை முத்திரை குத்த எதையாவது தேடும், அதற்கும் ஒரு வேலை ஆயிற்று.

முதல் நாளே சிரிப்பு. புது நோட்டாயிற்றே என்று அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். வானத்துக்கு முதலில் வெறும் தண்ணீர் பூசுங்கள் என்று நீ சொன்னபடி பூசினேன், மூலையில் இருந்த மஞ்சள் கிளம்பி நடு வானத்துக்கு வந்துவிட்டது. உச்சி வெயிலில் உட்கார்ந்து வரைந்த நம் களத்துமேடு இன்றைக்கும் அந்தி வெளிச்சத்தில்தான் கிடக்கிறது. வரப்புக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதைப் போனில் பார்த்துவிட்டு, அப்பா அந்த ஸ்கேலத் தூக்கிப் பரண்ல போடுங்க என்றாய். நல்லா வரணும்னு வரையாதீங்க, யாரும் மார்க் போடப் போறதில்ல, உட்கார்ந்து வரைஞ்சீங்களா அது போதும் என்றாய். மூச்சப் புடிச்சுக்கிட்டு வரையாதீங்க, தோளை எறக்குங்க என்றாய். வெள்ளைக்கு மட்டும் பெட்டியில் வில்லை இல்லையே என்று கேட்டதற்கு, வெள்ளைய வரைய வேணாம்பா, சுத்தி இருக்கறத வரைஞ்சுட்டு அந்த எடத்த சும்மா விட்டுடுங்க என்றாய். எனக்கு அது பிடிபடவே ரொம்ப நாள் ஆயிற்று, ஓர் இடத்தைச் சும்மா விடுவது என்பது பூசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பழகப் பழகச் சுகமாகத்தான் இருந்தது இனியா. ஆபீஸில் தபால்தலை நனைக்கிற ஸ்பாஞ்சு டப்பாவைப் போலவே ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பெட்டியில் இருக்கிற பச்சை பிளாஸ்டிக் வாளிப் பச்சை, அது நம் சம்பாப் பயிருக்கு ஆகாது. மஞ்சளை நிறைய எடுத்து நீலத்தைத் தொட்டும் தொடாமலும் சேர்த்தால் நாற்றுப் பச்சை, அதில் ஒரு துளி செம்மண் நிறத்தை விட்டால் இப்போது வயலில் நிற்கிற பச்சை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வட்டம் போட்டு உள்ளே ஊரும் தேதியும் எழுதுகிறேன், முத்திரை இல்லாமல் எதையும் அனுப்பிப் பழக்கம் இல்லை. ஒருநாள் நெரவிப் பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்து, பென்சிலைக் கண்ணுக்கு நேராக நீட்டி அளவு பார்த்தேன். உடனே நாலு பேர் கூடிவிட்டார்கள், ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா சார், எங்க மனையில எவ்வளவு போகும் என்று ஒருத்தர் கேட்கிறார். கூட வந்த நம் நஸ்ருதீன், அதுதான் என்னோடு வேலை பார்த்த போஸ்ட்மேன், எதற்கும் சிரிக்காத முகத்தை வைத்துக்கொண்டு, சார் இன்னும் முடிவு பண்ணல, டீ வாங்கிக் கொடுத்தா யோசிப்பாரு என்று சொல்லிவிட்டார். நிஜமாகவே டீ வந்துவிட்டது, குடிக்கவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பக்கத்து மனை சின்னப்பிள்ளை அத்தையின் பசு கன்று போட்டிருக்கிறது, அதையும் வரைந்தேன். அத்தை பார்த்துவிட்டு, மாடு அச்சா வந்திருக்குங்க, ஆனா ஈன்ற மாட்ட இப்படிப் படமா எழுதி வெச்சா கண்ணு படும், ஓரமா ஒரு கறுப்புப் பொட்டு வெச்சுடுங்க என்றார்கள். வைத்தேன். பொட்டு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, அத்தைக்குத் திருப்தி. அதற்கப்புறம் யார் வீட்டை வரைந்தாலும் யாராவது வந்து பொட்டு கேட்கிறார்கள். பால் வற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நடந்ததுக்கு வருகிறேன். பிரஷைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி நன்றாக ஈரம் குடிக்கும், துவைத்துத் துவைத்து மெலிந்த துணியாக இருந்தால் இன்னும் நல்லது என்று நீ சொல்லியிருந்தாய். ஐப்பசி கடைசியில் ஒருநாள் அம்மா காரைக்கால் போயிருந்தாள், நான் துணி தேடிக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், அவளுடைய பட்டுப் புடவைக்கும் கீழே, என் பழைய வேட்டி ஒன்று மடித்து இருந்தது. கரையெல்லாம் போய், கையில் எடுத்தால் எடையே தெரியாமல், தயிர்த் துணி மாதிரி மிருதுவாக. இந்த வேட்டி எங்கே போயிற்று என்று ஒரு காலத்தில் நான் கேட்டதுகூட உண்டு. மடிப்புக்குள்ளே ஒரு வசம்புத் துண்டு இருந்தது, பூச்சி வராமல் இருக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, வேட்டியை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மழைக்கு முந்தின வானத்தை வரைந்தேன், நீலமும் பச்சையும் மஞ்சளும் துடைத்துத் துடைத்து அந்தப் பாதி முழுக்கத் திருவிழாக் கோலமாகிவிட்டது. படமும் நன்றாக வந்தது, அது வேறு.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அம்மா முதலில் ஜன்னலில் இருந்த வசம்பைப் பார்த்தாள். அப்புறம் துணியைப் பார்த்தாள். இத எங்கேர்ந்துங்க எடுத்தீங்க என்று கேட்டாள், சத்தம் போடவில்லை, அவள் சத்தம் போடாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று உனக்குத் தெரியுமே. அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து மடியில் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேதான் சொன்னாள். பொறந்த புள்ளைக்கு மொதல்ல புதுத்துணி போடக் கூடாது, தாத்தாவோட பழைய வேட்டியிலதான் வாங்கணும், இனியாவையும் எங்க அப்பா வேட்டியிலதான் வாங்கினேன், அதுக்காகத்தான் வெச்சிருந்தேன் என்றாள். எப்போது வைத்தாய் என்று கேட்டேன். இப்போது இல்லையாம், முதல் தடவையே நீ சேதி சொன்ன வாரமே துவைத்து வெயிலில் போட்டு எடுத்து வைத்தாளாம். அது நிற்காமல் போனபோது வெளியே எடுக்கவும் மனசு வரவில்லை, கட்டிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை, அப்படியே புடவைக்கு அடியில் தள்ளிவிட்டாளாம். இந்தத் தடவை நீ உண்டான சேதி சொன்னபோதே, யாருக்கும் சொல்லாதீங்க, வளைகாப்பு வேணாம், ஒரு சாமான் வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். அவளும் எதுவும் வாங்கவில்லை. வசம்பை மட்டும் புதிதாக மாற்றி வைத்திருக்கிறாள்.

ஒரே வீட்டில் ஒரே தட்டு வடையை இரண்டாகப் பிட்டுத் தின்கிற மனிதர்கள் நாங்கள், எனக்கு இது தெரியவில்லை. துணி கிழிந்தது சகுனமோ என்று அவளுக்கு உள்ளே நடுக்கம், கேட்டால் இல்லை என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் நடுக்கம்தான். சகுனம் பார்க்கிறவன் இல்லை நான், ஆபீஸில் ராகு காலத்தில்தான் கூட்டம் இருக்காது என்று என் வேலையெல்லாம் அப்போதுதான் முடிப்பேன், ஆனால் அன்றைக்கு வண்ணப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். உனக்குப் படம் காட்டாத நாட்கள் அதுதான்.

அந்த நாட்களில் விடாத மழை. அம்மா வேட்டியை வெந்நீரில் ஊற வைத்தாள், கஞ்சித் தண்ணீரில் போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள். மஞ்சள் போயிற்று, பச்சை போயிற்று, நீலம் மட்டும் ஓர் ஓரத்தில் வெளிறிப்போய் நின்றுவிட்டது. காய வைக்க வெயில் இல்லை, அடுப்படிக் கொடியில் போட்டு, சமைக்கும்போதெல்லாம் தலையில் இடிக்க இடிக்க நடந்துகொண்டிருந்தாள். போன புதன்கிழமை மதியம்தான் மழை விட்டு வெயில் அடித்தது. கொல்லைக் கொடியில் இரண்டு பாதியையும் விரித்துப் போட்டுவிட்டு, சும்மா ஏங்க உட்கார்ந்திருக்கீங்க, பொட்டியக் கொண்டாந்து எதையாவது வரைங்க, அவ தெனம் கேக்கறாள்ல என்றாள்.

நான் அந்தக் கொடியைத்தான் வரைந்தேன். வாழையை வரைந்தேன், வேலியை வரைந்தேன், ஈரத் தரையை வரைந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள், எல்லாத்தையும் எழுதிட்டீங்க வேட்டி எங்கங்க என்றாள். அதுதான் சும்மா விட்டிருக்கும் இடம், வெள்ளைக்கு வண்ணம் கிடையாது, உன் மகள் சொல்லிக் கொடுத்தது என்றேன். சுற்றிலும் பச்சை காயக் காய நடுவில் வேட்டி தானாகவே தெரிய ஆரம்பித்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, சும்மா விட்டு வெச்சா அது வந்துடுமா என்று கேட்டாள். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வந்துடும் அமுதம் என்றேன். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாயிற்று.

வழக்கம்போல ஓரத்தில் கறுப்புப் பொட்டு வைக்கப் போனேன், வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டாள். அதான் துணியிலயே நீலமா இருக்கே, அத வெச்சுடுங்க, அது போதும் என்றாள். எடுக்க முடியாத கறையைத் திருஷ்டிப் பொட்டாக ஆக்கிவிட்டாள் பார், அம்மா அம்மாதான். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

மற்ற சேதிகள். அம்மாவுக்கு விசா இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள், தை பிறப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது. அம்பகரத்தூரிலிருந்து சம்பந்தி அம்மா வந்திருந்தார்கள், வளைகாப்பு வேண்டாம் என்றால் வேண்டாம், காளியம்மனுக்கு வளையல் சாத்திக் கும்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், நீ சரி என்று சொல்லாமல் செய்ய மாட்டோம். பயிர் நன்றாக இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிட்டது. நீ இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே, வழுக்குகிற செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்காதே. மாப்பிள்ளை பாத்திரம் தேய்க்கிறார் என்று கேள்விப்பட்டு அம்மாவுக்கு ஏகப் பெருமை, நானும் தேய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள், அவரிடம் கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்.

இப்போது அப்பா ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மூச்சைப் பிடிக்காதீங்க, தோளை இறக்குங்க என்று சொல்லிக் கொடுத்த பெண், ஏழு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாய். போனில் உன் தோளைத்தான் நான் பார்க்கிறேன். சந்தோஷப்பட்டால் கண் பட்டுவிடுமோ, ஆசைப்பட்டால் போய்விடுமோ என்று பயம். எனக்குத் தெரியும், எங்களுக்கும் அதே பயம்தான், மூன்று பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறோம். அந்த முதல் பிள்ளையை நாங்களும் மறக்கவில்லை இனியா, பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆசைப்பட்டதால் அது போகவில்லை. நீ பயந்தாலும் பயப்படாவிட்டாலும் இந்தப் பிள்ளை அதன் பாட்டுக்கு வளர்கிறது, நீ கொஞ்சம் தோளை இறக்கி இரு, அப்பாவுக்கு அது போதும்.

இதனுடன் சின்ன வண்ணப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், உன்னுடையதில் பாதி வில்லைகளை எடுத்து நானே அடுக்கியது, ஒரு பிரஷும் இருக்கிறது. கூடவே வேட்டியில் அந்த நீலக் கறை இருக்கிற பாதி. பிள்ளைக்கு என்று முன்கூட்டி எதையும் அனுப்பக் கூடாது என்பதில் அம்மா இப்போதும் உறுதி. ஆனால் மடித்துக் கையில் கொடுத்ததும் அவள்தான். இது புள்ளைக்கு இல்லங்க, பிரஷ் தொடைக்கற துணி, கறையப் பார்த்தாலே தெரியலயா என்றாள். முகத்தைப் பார்த்தேன், சிரிப்பே இல்லை. பிரஷ் துடைக்க இவ்வளவு பெரிய துணியா என்று நீயும் கேட்காதே. இன்னொரு பாதி இங்கே வசம்போடு இருக்கிறது, விசா வந்தால் அவளோடு வரும்.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மூன்று பேர் என்று தெரிந்துதான் எழுதினேன். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக் காலை தபால் ஆபீஸில், என் நாற்காலியில் இப்போது இருக்கிற விஷ்ணுப்ரியா பார்சலில் என்ன சார் என்று கேட்கும், பிரஷ் துடைக்கும் துணி என்று சொல்லப் போகிறேன். சர்வீஸ் முழுக்க அந்தக் கவுன்டரில் நான் பொய் சொன்னதில்லை. அதனால் பார்சல் கிடைத்ததும் ஏதாவது ஒன்றை, மழையையோ ஜன்னலையோ, நன்றாக வர வேண்டும் என்றில்லை, வரைந்து, ஒரே ஒரு தடவை பிரஷை அதில் துடைத்துவிடு. ஓரத்தில் துடை, நடுவில் வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அதற்கப்புறம் அது யாருக்கோ அவருக்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
பாலகுரு